யுகுலேலே: தொடக்கநிலைக் கார்டுகளும் மீட்டலும்

யுகுலேலே நான்கு தந்திகள் கொண்ட சிறு நரம்பிசைக் கருவி. கிட்டாரின் குடும்பம், ஹவாய்த் தீவுகளின் பிறப்பு. நைலான் வகைத் தந்திகளும் குறுகிய கழுத்தும் உள்ளதால் விரல் வலி குறைவு. பாட்டுக்குத் துணையாக வாசிக்க நாலைந்து கார்டுகள் போதும். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி போன்ற சென்னையின் மேற்குப் புறநகர்களில் இதைக் கற்க விரும்புபவர் யுகுலேலே வாத்தியார் என்று தனியாக ஒருவரைத் தேட வேண்டியதில்லை, கிட்டார் தெரிந்தவரே சொல்லித்தரலாம். கிட்டாரின் ஐந்தாம் மெட்டில் (ஃபிரெட்) கேப்போ என்ற கவ்வியைப் போட்டு, கீழே உள்ள நான்கு மெல்லிய தந்திகளை மட்டும் வாசித்தால் கிடைப்பவை யுகுலேலேயின் ஸ்வரங்களேதான், ஒரு தந்தி மட்டும் ஒரு ஸ்தாயி தாழ்ந்து ஒலிக்கும். கிட்டாரில் டி மேஜருக்கு விரல் வைக்கும் வடிவம் இங்கே ஜி மேஜர் ஆகிவிடும்.

வரலாறு

1879 ஆகஸ்டில் ராவன்ஸ்கிராக் என்ற கப்பல் போர்ச்சுகலின் மதேரா தீவிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஹொனலூலு வந்து சேர்ந்தது. அதில் வந்த மானுவல் நூனஸ், ஜோசே டோ எஸ்பிரிட்டோ சாண்டோ, அகுஸ்டோ டயஸ் ஆகிய மூன்று மரவேலைக்காரர்கள் தங்கள் ஊரின் மஷேட்டி என்ற சிறு வாத்தியத்தை ஒட்டி உள்ளூர் மரத்தில் செய்தவையே முதல் யுகுலேலேக்கள். மன்னர் கலாகௌவா இதை அரண்மனை விழாக்களில் வாசிக்கச் செய்தார். 1915இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பனாமா-பசிபிக் கண்காட்சிக்குப் பிறகு அமெரிக்கா முழுவதும் இந்த மோகம் பரவியது.

இந்தியாவுக்கும் ஹவாய் இசை வந்தது. டாவ் மோ என்ற கலைஞரும் அவர் குடும்பமும் 1940களில் கல்கத்தாவில் தங்கி வாசித்தார்கள். ஆனால் இங்கே வேர்பிடித்தது மடியில் கிடத்தி வாசிக்கும் ஹவாயன் கிட்டார்தான். சறுக்கி இழுத்தால் கமகம் வருகிற கருவியை இந்தியக் காது விரும்பியதில் வியப்பில்லை. யுகுலேலேயில் அந்த வசதி கிடையாது, ஒலியும் சீக்கிரம் அடங்கிவிடும்.

தந்திகளும் கட்டையும்

அளவில் நான்கு வகை: சொப்ரானோ (சுமார் 21 அங்குலம்), கான்சர்ட் (23), டெனர் (26), பாரிடோன் (30). பெரியவர்களின் விரலுக்குக் கான்சர்ட் பொருத்தம். சொப்ரானோவில் மெட்டுகள் நெருக்கமாக இருக்கும். பாரிடோனின் சுருதியே வேறு, புதிதாகக் கற்பவர் தவிர்க்கலாம்.

மற்ற மூன்றிலும் தந்திகள் மேலிருந்து கீழாக ஜி, சி, ஈ, ஏ. ஹார்மோனியத்திலும் சுருதிப் பெட்டியிலும் பழகியவருக்கு இவை முறையே ஐந்து, ஒன்று, மூன்று, ஆறு கட்டை. எண்ணும்போது தரைக்கு அருகிலுள்ள ஏ முதல் தந்தி, முகத்துக்கு அருகிலுள்ள ஜி நான்காம் தந்தி. நான்காம் தந்தி மூன்றாவதைவிட உயர்ந்து ஒலிக்கும். தம்புராவின் தந்திகளும் ஏறுவரிசையில் இல்லை என்பதால் நமக்கு இது அந்நியமில்லை. முதல் தந்தியை 440 ஹெர்ட்ஸுக்குச் சேர்த்துவிட்டு மற்றவற்றை ட்யூனர் செயலி பார்த்துச் சேர்க்கலாம். புதுத் தந்திகள் சில நாட்களுக்கு இழுபட்டு இறங்கிக்கொண்டே இருக்கும். அதைக் கருவியின் கோளாறு என்று எண்ணிக் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகிறவர்கள் உண்டு.

ஒரு கட்டையை ஆதார ஷட்ஜமாக வைத்துக்கொண்டு, எந்த மெட்டையும் தொடாமல் நான்கு தந்திகளையும் மீட்டினால் ப, ச, க, த என்று ஒலிக்கும். ரிஷபம் மட்டும் இல்லாத மோகனம் அது. கர்நாடக இசையைக் கொஞ்சமாவது கேட்டு வளர்ந்த ஒருவர் யுகுலேலே கற்க இதைவிட நல்ல வாசல் கிடையாது. ஆங்கில வழிப் பாடநூல்கள் இதைத் தொடுவதில்லை என்பது நியாயம்தான், நம் ஊர் வகுப்புகள் தொடாமலிருக்கக் காரணமில்லை.

முதல் கார்டுகள்

கார்டு என்பது மூன்றோ அதற்கு மேலோ ஸ்வரங்கள் ஒருசேர ஒலிப்பது. அதை எழுதும் சுருக்கமுறையில் நான்காம் தந்தியிலிருந்து முதல் தந்திவரை அழுத்த வேண்டிய மெட்டின் எண் வரும். 0 என்றால் தொட வேண்டாம்.

சி மேஜர் 0003. மோதிர விரலால் முதல் தந்தியின் மூன்றாம் மெட்டை அழுத்தினால் போதும். ச, க, ப மூன்றும் வந்துவிடும். ஏ மைனர் 2000. நடுவிரல் நான்காம் தந்தியின் இரண்டாம் மெட்டில். இதில் ஒலிப்பவை த, ச, க. மோகனத்தின் ஐந்து ஸ்வரங்களுக்குள் அமையும் மேஜர், மைனர் கார்டுகள் இந்த இரண்டு மட்டுமே. இரண்டுக்கும் ஒவ்வொரு விரல்தான் வேண்டும். மோகனத்தில் மெட்டமைத்த ஓர் எளிய பாட்டை முதல் வாரத்திலேயே பாடிக்கொண்டு வாசிக்க இது இடம் தருகிறது.

எஃப் மேஜர் 2010. ஏ மைனரில் இருக்கும் நடுவிரலை எடுக்காமல், ஆட்காட்டி விரலை இரண்டாம் தந்தியின் முதல் மெட்டில் சேர்க்க வேண்டும். அதனால்தான் சி, ஏ மைனர், எஃப் என்ற வரிசையில் கற்பது நல்லது. ஒரு விரல் ஊன்றி நிற்க மற்றது நகரும் பழக்கம் அங்கே உருவாகிறது.

சிரமம் ஜி மேஜரில் தொடங்கும். 0232, மூன்று விரல். மூன்றாம் தந்தியின் இரண்டாம் மெட்டில் ஆட்காட்டி விரல், முதல் தந்தியின் இரண்டாம் மெட்டில் நடுவிரல், இரண்டாம் தந்தியின் மூன்றாம் மெட்டில் மோதிர விரல். முக்கோணமாக மூன்றும் ஒரே நேரத்தில் இறங்க வேண்டும். பலர் ஒவ்வொன்றாக வைக்கிறார்கள், அதற்குள் தாளம் போய்விடுகிறது. விரல்களைக் காற்றிலேயே அந்த வடிவத்துக்குக் கொண்டுவந்து ஒன்றாக இறக்கிப் பழகுவதுதான் வழி. அழுத்த வேண்டிய இடம் மெட்டுக் கம்பியின் மேல் அல்ல, அதற்குச் சற்று முன்னால். வீணையில் கம்பியின் மேலேயே விரல் வைத்துப் பழகியவர் இதைக் கவனிக்க வேண்டும்.

சி, எஃப், ஜி மூன்றையும் சேர்த்தால் சங்கராபரணத்தின் ஏழு ஸ்வரங்களும் அடங்கும்: ச க ப, ம த ச, ப நி ரி. திரைப்பாடல்களில் எண்ணற்றவை இவற்றோடும் ஏ மைனரோடும் முடிந்துவிடும்.

சரளி வரிசை கற்றவர்கள் ஒரு சிக்கலைச் சந்திப்பார்கள். அது மாயாமாளவகௌளை. சுத்த ரிஷபமும் சுத்த தைவதமும் வருவதால் ஜி மேஜர், எஃப் மேஜர் இரண்டுமே அபஸ்வரமாகக் கேட்கும். எஃப் மைனரும் (1013) டி ஃபிளாட் மேஜரும் (1114) வைத்தால் பொருந்தும். இவை முதல் மாதத்துக்கான கார்டுகள் அல்ல.

தொடக்கத்தில் சொன்ன மேற்குப் புறநகர் வட்டாரத்தின் பழைய பாட்டு தேவாரம். திருமுல்லைவாயிலுக்குச் சுந்தரரும் திருவேற்காட்டுக்குச் சம்பந்தரும் பதிகம் பாடியிருக்கிறார்கள். சுந்தரரின் முல்லைவாயில் பதிகத்தின் பண் தக்கேசி, ஓதுவார்கள் அதைக் காம்போதியில் பாடுவார்கள். காம்போதியின் தாய் ராகமான அரிகாம்போதிக்கு வேண்டிய கைசிகி நிஷாதம் சி செவனில் (0001) ஒற்றை விரலில் கிடைக்கிறது. ஆனாலும் காம்போதிக்குக் கார்டு போடுவதை இக்கட்டுரை பரிந்துரைக்காது. அந்த ராகம் வாழ்வது ஸ்வரங்களுக்கு இடையிலான அசைவில். மூன்றாம் தந்தியையும் நான்காம் தந்தியையும் மட்டும் மெல்ல மீட்டினால் ச-ப சுருதியாக நிற்கும், அது போதும்.

மீட்டல்

வலது கை ஆட்காட்டி விரலின் நகம் தந்திகளின் மேல் கீழ்நோக்கி இறங்க வேண்டும், மேலேறும்போது விரலின் சதை படும். மீட்டும் இடம் கழுத்து உடலோடு சேரும் பகுதி. ஒலித்துளைக்கு நேரே மீட்டினால் ஒலி சற்றுக் கரடாகும். அசைவு மணிக்கட்டிலிருந்து வர வேண்டும். பிளாஸ்டிக் பிளெக்ட்ரம் தேவையில்லை.

விதி ஒன்றே ஒன்று: கை நிற்கக் கூடாது. எண்ணிக்கையில் கீழே, எண்ணிக்கைகளுக்கு நடுவில் மேலே. ஒலிக்க வேண்டாத இடத்திலும் கை இறங்கி ஏறும், தந்தியைத் தொடாது. சதுஸ்ர நடையில் ‘தகதிமி’ என்று வாயால் சொல்லிக்கொண்டு கீழ்-மேல்-கீழ்-மேல் என்று முதலில் பழகலாம். பிறகு உலகெங்கும் சொல்லித்தரப்படும் மீட்டல்: கீழ், கீழ்-மேல், மேல்-கீழ்-மேல். இதில் மூன்றாம் எண்ணிக்கையில் கை கீழே இறங்கும், ஒலி இருக்காது. பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் அந்த வெற்று இறக்கம்தான். இடது கையால் தந்திகளை லேசாகத் தொட்டு ஒலியை அடக்கிவிட்டு, கார்டு இல்லாமல் வலது கையை மட்டும் பழக்கினால் விரைவில் பிடிபடும்.

திஸ்ர நடைப் பாடல்களுக்கு ‘தகிட’ சொல்லி கீழ்-கீழ்-மேல், முதல் அடி அழுத்தமாக. மிஸ்ர சாப்புக்கு மூன்றும் நான்கும் சேர்த்துக்கொள்ளலாம். தொடையில் தாளம் போட்டுப் பழகிய பிள்ளைகள், மெட்ரோனோம் வைத்துத் தொடங்குபவர்களைவிட இங்கே முந்திவிடுவார்கள்.

கார்டு மாற்றத்தில் தடுமாறினால், தவறான கார்டோடு தாளத்தைத் தொடர்வது மேல். நின்று யோசித்து, சரியான கார்டை வைத்துவிட்டுத் தொடர்வது பாடுபவரைத் தள்ளாட வைக்கும்.

பாடுபவரின் சுருதி

ஆண்கள் பெரும்பாலும் ஒன்றிலிருந்து இரண்டு கட்டையிலும், பெண்கள் ஐந்து அல்லது ஐந்தரை கட்டையிலும் பாடுவார்கள். ஒரு கட்டைக்கு மேற்சொன்ன கார்டுகளே போதும். ஐந்து கட்டைக்கு ஜி, சி, டி (2220), ஈ மைனர் (0432). அரைக் கட்டை ஏற வேண்டுமானால் முதல் மெட்டில் கேப்போ. கேப்போ யுகுலேலே அளவுக்கானதாக இருக்க வேண்டும், கிட்டார் கேப்போவின் எடை இந்தச் சின்னக் கழுத்தைச் சாய்த்துவிடும்.

வாங்குதலும் பராமரிப்பும்

ஆவடி, அம்பத்தூரிலிருந்து மின்சார ரயிலில் சென்ட்ரல் வந்து அண்ணா சாலைக்குப் போய்விடலாம். 1842இல் மிஸ்குவித் நிறுவனமாகத் தொடங்கிய மியூசி மியூசிக்கல் அங்கேதான் இருக்கிறது. பூந்தமல்லிக்காரருக்குப் பேருந்து. நேரில் வாங்குவதில் ஒரு லாபம் உண்டு. ஒவ்வொரு தந்தியிலும் பன்னிரண்டாம் மெட்டை அழுத்தி, வெறும் தந்தியின் மேல் ஸ்தாயியாக அது சரியாக ஒலிக்கிறதா என்று சோதிக்கலாம். மலிவான பொம்மைக் கருவிகள் இதில் தோற்றுவிடும். அவற்றில் எவ்வளவு பழகினாலும் கார்டு சேராது.  

சென்னையின் ஈரக்காற்றில் கிட்டாரின் எஃகுக் கம்பிகள் துருப்பிடிக்கும், நைலானுக்கு அந்தத் தொல்லை இல்லை. முழுமரத்தில் செய்ததைவிட ஒட்டுப்பலகையில் செய்த கருவி இந்தத் தட்பவெப்பத்தைத் தாங்கும். மே மாதத்தில் பூட்டிய காருக்குள்ளோ பைக் மேலோ வெயிலில் விட்டால் பசை இளகி, தந்திகளின் இழுவையில் குதிரை பெயர்ந்துவிடக்கூடும். பெயர்ந்தால் கடையில் ஒட்டித் தருவார்கள். வீட்டிலேயே ஃபெவிக்விக் வைத்து ஒட்டினால் அடுத்த முறை மரத்தையும் பிய்த்துக்கொண்டு வரும்.