கதவைத் தட்டும் நொடி

போலீஸ் வேலையில் பெரிய ஆபத்து, திருடனைத் துரத்துவதா? இல்லை, கதவைத் தட்டுவதுதான். உள்ளே யார், கையில் என்ன என்பது தெரியாது.

1910 டிசம்பர் 16, லண்டன் ஹவுன்ட்ஸ்டிச். ராத்திரியில் நகைக்கடைச் சுவரை யாரோ இடிக்கும் சத்தம். விசாரிக்கப் போன போலீசாரிடம் இருந்தது வெறும் தடி. உள்ளே இருந்தவர்களிடமோ துப்பாக்கிகள்! பென்ட்லி, டக்கர், சோட் என மூன்று பேர் பலியானார்கள். சோட் ஒருவனைப் பிடித்த பிடியை விடவே இல்லை. அதற்காகவே பல குண்டுகளை வாங்கினார்.

1911 ஜனவரி 3 அன்று அந்தக் கும்பலைச் சேர்ந்த இருவரை சிட்னி தெருவில் வளைத்தபோதும் போலீசாரின் பழைய துப்பாக்கிகள் எடுபடவில்லை. ராணுவத்தை அழைக்க வேண்டியதாயிற்று. வீடு தீப்பிடித்தது; இருவரும் இறந்தார்கள்.

அதன் பிறகுதான் லண்டன் போலீசுக்கு நல்ல துப்பாக்கிகள் வந்தன. மூன்று உயிர்கள் போன பிறகு!