கவை மாறினால் கதி மாறும்

'கவை' என்பது நம் பழஞ்சொற்களுள் ஒன்று. ஒரு கிளை இரண்டாகப் பிரியும் இடத்தைக் கவை என்றனர் முன்னோர். அவ்வாறு பிரிந்த கோல் கவைக்கோல் ஆயிற்று. மோட்டார் சைக்கிளின் முன்சக்கரத்தை இருபுறமும் பற்றி நிற்கும் உறுப்பும் ஒரு கவையே. பட்டறைகளில் அதனைப் 'போர்க்கு' என்பர். வண்டியைத் திருப்புதல், மேடுபள்ளத்தின் அதிர்ச்சியைத் தாங்குதல், பிரேக் பிடிக்கும்போது முன்னே சாயும் பாரத்தைச் சுமத்தல் ஆகிய மூன்று வேலைகளையும் இவ்வோர் உறுப்பே செய்கிறது.

போர்ட் கிள்ளானிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் பழைய பந்தயப் பாணி வண்டிகளைப் போற்றி வைத்திருக்கும் இளைஞர் பலர் உளர். அத்தகைய வண்டியின் முன்கவையைக் கழற்றிவிட்டு, வேறொரு வண்டியின் கவையைப் பொருத்துவது அவர்களிடையே உள்ள வழக்கம். இதனை வீண் அலங்காரம் என்று கடிவாரும் உண்டு. இயந்திர அறிவின் சிறப்பு என்று புகழ்வாரும் உண்டு. எப்பொழுது அது அலங்காரம், எப்பொழுது அது அறிவு என்பதை முன்கவையின் வரலாற்றைக் கொண்டே நாம் தெளியலாம்.

விறைத்த கவையும் குழற்கவையும்

முதல் மோட்டார் சைக்கிள்கள் மிதிவண்டியின் வழிவந்தவை. ஆதலின் அவற்றின் கவையும் மிதிவண்டியின் கவையைப் போல விறைப்பாகவே இருந்தது. வேகம் கூடக் கூட, கல்லும் குழியும் தந்த அடி ஓட்டுபவரின் கையையும் தோளையும் வருத்தியது. அதனினும் பெரிய கேடு, சக்கரம் தரையை விட்டுத் துள்ளியதாகும். தரையைத் தொடாத சக்கரத்தால் வண்டியைத் திருப்பவும் இயலாது, நிறுத்தவும் இயலாது. எனவே கவைக்கும் வண்டியின் கழுத்துக்கும் இடையே சுருள்வில்லை வைத்து, இணைப்புத் தண்டுகளால் கவை முழுவதும் ஆடும்படி செய்தனர். இரண்டாம் உலகப் போர் வரை பிரிட்டிஷ் வண்டிகளுள் பெரும்பாலானவை இத்தகைய கவையையே கொண்டிருந்தன.

ஒரு குழலுக்குள் மற்றொரு குழல் ஏறி இறங்கும் கவையும் நெடுநாளைய கருத்தேயாகும். இங்கிலாந்தில் பிராட்போர்டு நகரைச் சேர்ந்த ஆல்பிரெட் ஸ்காட், 1908ஆம் ஆண்டிலேயே தம் வண்டிக்கு அவ்வகைக் கவையை அமைத்தார். டென்மார்க்கின் நிம்பஸ் வண்டி 1934இல் குழற்கவையைக் கைக்கொண்டது. ஆனால் சுருள்வில் மட்டும் இருந்தால் போதாது. அமுங்கிய வில் எழும்; எழுந்தது மீண்டும் அமுங்கும்; இந்த ஆட்டத்தை அடக்க ஒரு தடை வேண்டும். ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ நிறுவனம் 1935இல் தன் ஆர்12 வண்டியின் குழல்களுக்குள் எண்ணெயை வைத்து, அது குறுகிய வழியே நெருங்கி ஓடும்படி செய்தது. எண்ணெயின் தடை வில்லின் ஆட்டத்தை அடக்கியது. இன்று நாம் சாலையில் காணும் குழற்கவைக்கு அதுவே முன்னோடி.

போர் இக்கருத்தை விரைவில் பரப்பிற்று. 1941இல் மேட்ச்லெஸ் நிறுவனம் பிரிட்டிஷ் படைக்கென ஆக்கிய ஜி3எல் வண்டியில் எண்ணெய்க் குழற்கவை இடம்பெற்றது. போர் முடிந்ததும் மற்ற பிரிட்டிஷ் நிறுவனங்களும் இணைப்புத் தண்டுக் கவையைக் கைவிட்டுக் குழற்கவைக்கு மாறின.

கப்சாய் காட்டிய வேறு வழி

ஆயினும் மலாயாச் சாலைகளை நிறைத்தது பிரிட்டிஷ் வண்டியன்று, ஜப்பானிய வண்டி. ஹோண்டா நிறுவனம் 1958இல் 'சூப்பர் கப்' என்னும் சிறு வண்டியை வெளியிட்டது. அவ்வாண்டிலேயே பினாங்கு வணிகர் லோ பூன் சியூ ஹோண்டா வண்டிகளை மலாயாவில் விற்கும் உரிமையைப் பெற்றார். 'கப்' என்னும் பெயரே நம் நாட்டு நாவில் 'கப்சாய்' ஆகி, அவ்வகைச் சிறு வண்டிகள் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராயிற்று.

சூப்பர் கப்பின் முன்கவை குழற்கவையன்று. எஃகுத் தகட்டை அழுத்தி வடித்த கவையின் கீழ்முனையில், முன்னோக்கி நீளும் சிறு கை ஒன்று உண்டு. அக்கையின் நுனியில் சக்கரத்தின் அச்சு நிற்கும். சிறு குழிகளை இது நன்கு தாங்கும், செய்வதும் எளிது. ஆனால் முன்பிரேக்கை அழுத்தினால் வண்டியின் முன்புறம் மேலெழும். பழைய கப்சாய் ஓட்டியவர் யாவரும் இதனை அறிவர். குழற்கவையில் இதற்கு நேர்மாறாக, பிரேக் பிடித்ததும் முன்புறம் அமிழும்.

ஹோண்டாவே செய்த மாற்றம்

1959இல் ஹோண்டா முதன்முறையாக ஐல் ஆப் மேன் பந்தயத்தில் கலந்துகொண்டது. அதன் 125 சிசி வண்டிகளுக்கு இருந்ததும் இந்தக் கைக்கவையே. அவ்வாண்டு ஆறாம் இடத்தோடு, குழுவுக்கான பரிசும் ஹோண்டாவுக்குக் கிடைத்தது. எனினும் 1960இல் அந்நிறுவனம் பந்தய வண்டிகளில் குழற்கவைக்கு மாறிவிட்டது. 1961இல் மைக் ஹெயில்வுட் ஹோண்டா வண்டிகளில் 125 சிசி, 250 சிசி ஆகிய இரு பந்தயங்களையும் அத்தீவில் வென்றார்.

விற்பனை வண்டிகளிலும் அம்மாற்றத்தைக் காண்கிறோம். 250 சிசி கொண்ட சி72 பயண வண்டிக்குக் கைக்கவை. 1960இல் வந்த அதன் பந்தயப் பாணி உறவான சிபி72 வண்டிக்குக் குழற்கவை. ஈண்டு நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கவை தனியாக மாறவில்லை. சி72இன் தகட்டுச் சட்டம் போய்க் குழாய்ச் சட்டம் வந்தது. 16 அங்குலச் சக்கரம் போய் 18 அங்குலச் சக்கரம் வந்தது. பிரேக்கும் வலிமை பெற்றது. கவையை மாற்றியவர்கள் அதனோடு உறவுடைய யாவற்றையும் மாற்றினார்கள். இதுவே இவ்வரலாறு நமக்குத் தரும் பாடம்.

பத்து மில்லிமீட்டரின் பொருள்

கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் இடையே பத்து தீகாவில் 1968இல் பந்தயத்தடம் திறக்கப்பட்டது. பின்னர் ஷா ஆலம் தடம் எனப் பெயர் பெற்ற அவ்விடத்தில், 1991 முதல் 1997 வரை உலக மோட்டார் சைக்கிள் பந்தயம் நடந்தது. அங்கு ஓடிய 500 சிசி வண்டிகளில் தலைகீழ்க் கவையை நம் இளைஞர் கண்டனர். பருத்த குழல் மேலேயும் மெல்லிய குழல் கீழேயும் அமைவதால், வளைக்கும் விசை மிகுதியாக விழும் கழுத்தருகில் இக்கவை உறுதியாக நிற்கும். பழைய வண்டியின் குழல் தேய்ந்து, எண்ணெய் கசிந்து, மாற்று உறுப்பும் கிடைக்காதபோது, அவ்வகைக் கவை ஒன்றைப் பொருத்தும் ஆசை எழுவது இயல்பே. போர்ட் சுவெட்டன்ஹாம் என்று 1901இல் திறக்கப்பட்டு, 1972இல் போர்ட் கிள்ளான் எனப் பெயர் மாறிய இத்துறைமுகத்தின் வழியே, ஜப்பானில் கழிக்கப்பட்ட வண்டிகளின் உறுப்புகளும் கொள்கலன்களில் வந்து இறங்குகின்றன.

பொருத்தும்போது பலர் பார்ப்பது கழுத்துத் தண்டின் நீளத்தையும் பேரிங்கின் அளவையும் மட்டுமே. அவை பொருந்தினால் வேலை முடிந்தது என எண்ணுகின்றனர். உண்மையில் வேலை அங்கேதான் தொடங்குகிறது. கழுத்துத் தண்டின் கோட்டைத் தரைவரை நீட்டினால், டயர் தரையைத் தொடும் இடத்திற்குச் சற்று முன்னே அது விழும். இவ்விரு புள்ளிகளுக்கும் இடையிலுள்ள தூரமே வண்டி நேராக ஓடப் பெருந்துணையாவது. கழுத்தின் சாய்வு 25 பாகை, சக்கரத்தின் ஆரம் 300 மில்லிமீட்டர், கழுத்துத் தண்டுக்கு முன்னே குழல்கள் நிற்கும் தூரம் 35 மில்லிமீட்டர் எனக் கொள்வோம். கணக்கிட்டால் அத்தூரம் ஏறத்தாழ 101 மில்லிமீட்டர் வரும். வேறு கவையில் அந்த 35 என்பது 45 ஆக இருந்தால், 101 என்பது 90 ஆகக் குறையும். 25 ஆக இருந்தால் 112 ஆகக் கூடும். குறைந்தால் வண்டி எளிதில் திரும்பும். ஆனால் வேகத்தில் கைப்பிடி இருபுறமும் உதறக்கூடும். கூடினால் நேராக ஓடும். வளைவில் திரும்ப மறுக்கும்.

கவையின் நீளமும் அவ்வாறே. 1,400 மில்லிமீட்டர் சக்கர இடைவெளியுள்ள வண்டிக்கு 20 மில்லிமீட்டர் குட்டையான கவையைப் போட்டால், கழுத்தின் சாய்வு முக்கால் பாகை அளவு நிமிரும். கனத்த வண்டிக்கென அமைந்த சுருள்வில் இலேசான வண்டியில் அமுங்காது. முன்சக்கரம் மீண்டும் அந்தப் பழைய விறைத்த கவையின் நாள்போல் துள்ளும். உறுதியான கவையும் வலிய பிரேக்கும் சேர்ந்து, பழைய சட்டத்தின் கழுத்துப் பற்றவைப்பின்மேல் அது அறியாத பாரத்தை ஏற்றும்.

ஆதலின் கவை மாற்றுவோர் முதலில் பழைய கவையின் அளவுகளை எழுதி வைத்தல் வேண்டும்: நீளம், குழல்கள் முன்னிற்கும் தூரம், அச்சின் பருமன், சக்கரத்தின் ஆரம். புதியதன் அளவுகளை அவற்றோடு ஒப்பிட வேண்டும். கவை முழுதும் அமிழும்போது டயர் எதனையும் உரசாமையையும், கைப்பிடி இருபுறமும் தடையின்றித் திரும்புவதையும் காண வேண்டும். சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதியையும் மறத்தல் கூடாது.

இது வெறும் பட்டறைப் பேச்சன்று. மலேசியச் சாலைகளில் உயிரிழப்போருள் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். தலைக்கவசம் 1973இல் இந்நாட்டில் கட்டாயமாயிற்று. கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிள்களுக்கென 1970களில் தனித்தடம் அமைந்தது. உலகில் அத்தகைய தடங்களுள் அதுவே முதலாவது என்பர். சட்டமும் சாலையும் தம் கடமையைச் செய்தாலும், வண்டியின் கழுத்திலுள்ள பத்து மில்லிமீட்டரை அவை அளந்து பார்ப்பதில்லை. அதனை அளக்க வேண்டியவர் கவையை மாற்றுபவரே. அளந்து மாற்றுபவர், 1960இல் ஹோண்டாவின் பொறியாளர் சென்ற வழியில் செல்கிறார். அளவாமல் மாற்றுபவர், வண்டியின் தோற்றத்தோடு தம் உயிரையும் சேர்த்து வைத்து ஆடுகிறார்.