1983 ஆம் ஆண்டின் பிரித்தானியப் போர்முலா 3 தொடர்

இளஞ்சாரதிகளுக்கான பிரித்தானியப் போர்முலா 3 மோட்டார்ப் பந்தயத் தொடரில், 1983 ஆம் ஆண்டின் முதல் ஒன்பது ஓட்டங்களிலும் வென்றவர் பிரேசிலைச் சேர்ந்த அயர்ட்டன் சென்னா ஆவார். பலரும் வியந்து போற்றுவது இதனையே. எனினும், அத்தொடரின் உண்மையான வரலாறு பத்தாவது ஓட்டத்திலிருந்தே தொடங்குகின்றது எனல் பொருந்தும்.

ஜூன் மாதத்தில் சில்வர்ஸ்டனில் ஆங்கிலேயரான மார்ட்டின் பிரண்டில் வெற்றியீட்டினார். இருவரும் செலுத்தியவை டொயோட்டா இயந்திரம் பூட்டிய றால்ட் வண்டிகளே. ஆதலின் சாரதிகளின் இயல்பு வெளிப்படையாகவே புலனாயிற்று. இரண்டாமிடத்துப் புள்ளிகளோடு அமைதல் சென்னாவின் இயல்பன்று. முந்த முயன்று மோதினார், புள்ளிகளை இழந்தார். ஓல்டன் பார்க்கில் அவரது வண்டி பிரண்டிலின் வண்டிமீதே ஏறியது. இறுதி ஓட்டத்தின்போது பிரண்டில் ஒரு புள்ளியால் முன்னணியில் நின்றார்!

ஒக்டோபரில் திரக்ஸ்டனில் நிகழ்ந்த அவ்வோட்டத்திற்கு, எண்ணெய் விரைவிற் சூடேறும் பொருட்டு, சென்னாவின் வண்டியில் எண்ணெயைக் குளிர்விக்கும் காற்றுவழி ஒட்டுநாடாவால் மூடப்பட்டிருந்தது. ஓட்டத்தினிடையே, தம்மைப் பிணித்திருந்த பட்டிகளைத் தளர்த்தி, அவரே கைநீட்டி அதனை அகற்றினார். துணிவோ, மடமையோ? வெற்றி அவருக்கே கிட்டியது. பிரண்டில் மூன்றாமிடம் பெற்றார். இருபது ஓட்டங்களில் 12 வெற்றிகளோடு பட்டமும் சென்னாவைச் சேர்ந்தது.

1984 இல் சென்னா டோல்மன் அணியிலும் பிரண்டில் டிரெல் அணியிலும் போர்முலா 1 பந்தயங்களிற் புகுந்தனர்.