ஏலேலோ: உடப்புக் கரையின் ஓர் ஒலிச்சொல்

தொல்காப்பியர் சொல்லைப் பொருளோடு இணைத்து நோக்கியவர். எனினும், இசைநிறையாகவும் அசைநிலையாகவும் வருவனவற்றுக்கு இடையியலில் இடமளித்தார். ஏட்டிலேறாத தொழிற்பாடல்களில் வழங்கும் ஒலிச்சொற்களோ ஆய்வாளர் கருத்தை அதிகம் ஈர்த்தில. அவற்றுள் ஒன்று 'ஏலேலோ' என்பதாகும்.

புத்தளம் மாவட்டத்தில், சிலாபத்துக்கு வடக்கே கடலோரத்தில் அமைந்தது உடப்பு. திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்பாற் பெயர்பெற்ற இத்தமிழூர், கரைவலைத் தொழிலாளரின் அம்பாப் பாடல்களாலும் அறியப்பட்டது. தோணியிற் சென்று வலையை வளைத்து விட்டபின், அதன் இரு கயிறுகளையும் கரையில் நின்று இரு அணியினர் இழுப்பர். ஒருவர் அடியெடுத்துப் பாட, ஏனையோர் 'ஏலேலோ' முதலிய ஒலிகளால் ஏற்றுப் பாடுவர். முன்னவர் பாட்டில் தெய்வமும் கடலும் கேலியும் வரும். பின்னவர் ஒலியில் இழுப்பு மட்டுமே உண்டு.

திருவள்ளுவரின் நண்பனாகக் கூறப்படும் ஏலேலசிங்கன் என்னும் கடல்வணிகனின் பெயரே இவ்வாறு பாட்டாயிற்று என்பது செவிவழி மரபு. இது ஏற்புடைத்தாகத் தோன்றவில்லை. சிங்கள மீனவர் வலையிழுக்கையில் 'ஹெலெய்யா' என்பர். ஆங்கில மாலுமிகள் 'ஹீவ் ஹோ' என்றனர். 'ஹீவ்' தூக்குதலைக் குறிக்கும் பழைய வினை. 'ஹோ' வெறும் ஒலி. ஏலேலசிங்கனை அறியாதோரும் இத்தகைய ஒலிகளை நாடினர் எனின், காரணத்தைப் பெயரில் தேடாது உழைப்பில் தேடுதலே பொருந்தும். பலர் ஒரே கணத்தில் வலுவைச் செலுத்தல் வேண்டும். மூச்சை அடக்கி இழுத்துப் பின் விடுதல் வேண்டும். நெட்டுயிர்கள் அதற்கு இடந்தருவன. வணிகன் கதை, ஒலி நிலைத்தபின் அதற்கு அமைத்த விளக்கமாதல் கூடும்.

செருமானிய அறிஞர் லுட்விக் நுவாரே 1877இல், மொழியின் தோற்றத்தையே கூட்டுழைப்பின் ஒலிகளிற் கண்டார். அது 'யோ-ஹீ-ஹோ' கொள்கை எனப் பெயர் பெற்றது. மொழி முழுவதற்கும் அது பொருந்துமென நிறுவுதல் அரிது. இலக்கண அமைப்பு அதனால் விளங்காது. ஏலேலோவுக்கோ அது நன்கு பொருந்துகின்றது.

உழவு இயந்திரத்திற் பூட்டிய வின்ச்சினால் கரைவலை இழுக்கும் முறை அண்மைக்காலத்தில் இலங்கைக் கரைகளிற் புகுந்தது. இயந்திரத்துக்குப் பாட்டு வேண்டுவதில்லை. முன்னவர் பாடிய அடிகளை ஏட்டில் எழுதிவிடலாம். எந்த அசையிற் கயிறு நகர்ந்தது என்பதை இழுத்த கைகளே அறியும். அம்பாப் பாடல்களைத் தொகுப்போர், பாடியோர் வாழும்போதே அதனையும் கேட்டுக் குறித்தல் வேண்டும். ஏலேலோவின் பொருள் அவ்வசைவிலேயே உள்ளது.