பலம் குன்றிய புல்லட்

1955-இல் மதராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தார் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டுடன் கூட்டுச் சேர்ந்து புல்லட் வண்டியைத் திருவொற்றியூரில் உருவாக்கத் தலைப்பட்ட காலந்தொட்டு, மேடேறுகையில் பலம் குன்றும் எஞ்சினின் நோய்நாடும் வித்தை நம் மெக்கானிக்குகளிடையே குரு சிஷ்ய பரம்பரையாகவே வளர்ந்து வந்தது.

முதலில் பிளக்கைக் கழற்றி நிறத்தைப் பரீட்சிப்பார்கள்: கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் காற்று அதிகம், செங்கல் நிறமெனில் க்ஷேமம். அடுத்தது தீப்பொறியின் தருணத்தை நிர்ணயிக்கும் பாயிண்ட்: கேமில் உரசும் அதன் பாகம் தேயத் தேய இடைவெளி குறுகி, தீப்பொறி தாமதித்து, வண்டி சூடேறித் தளருமாதலால், முனைகளை உப்புத்தாளால் தேய்த்து, ஃபீலர் கேஜ் தகட்டைச் செருகி, சுமார் 0.4 மில்லிமீட்டர் இடைவெளி வைப்பார்கள்.

பின்னர் காலம் மாறியது: 2013-இல் ஒரகடத்தில் ராயல் என்ஃபீல்டின் புதிய ஆலை எழுந்தது. பாயிண்ட் முன்னமே மறைய, 2020-இல் பிஎஸ்-6 மாசு விதியோடு, பெட்ரோலையும் காற்றையும் கலந்த கார்புரேட்டரும் விடைபெற்றது. இன்று கோளாறைச் சென்சார் சொல்கிறது. கண்ணாலும் கையாலும் நாடி பார்த்த கலையோ பழைய பட்டறைகளில் மாத்திரம் ஜீவிக்கிறது.