மூப்பு செல்லிலா, சூழலிலா? குருத்தணு ஆய்வில் ஹேஃப்ளிக் வாசிப்பு

ஸ்டெம் செல் எனப் பரவலாக வழங்கும் குருத்தணுக்களைக் கொண்டு மனிதரின் நோயற்ற ஆயுளை நீட்ட முடியுமா என்ற கேள்வியின் இன்றைய வடிவம் 1961இல் உருவானது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று கட்டுரைகள் அந்த ஆண்டில் வெளியாயின. ஃபிலடெல்ஃபியாவின் விஸ்டார் நிறுவனத்தில் பணியாற்றிய லெனார்ட் ஹேஃப்ளிக், பால் மூர்ஹெட் இருவரும் மனிதக் கருவின் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் கண்ணாடிக் குடுவையில் சுமார் 50 முறை இரட்டித்தபின் பிளவுபடுவதை நிறுத்திவிடுகின்றன என்று அறிவித்தனர். டொராண்டோவில் ஜேம்ஸ் டில், எர்னெஸ்ட் மெக்குல்லக் இருவரும் கதிர்வீச்சுக்கு ஆளான எலிக்கு மஜ்ஜைச் செல்களை ஏற்றி, அதன் மண்ணீரலில் தோன்றிய முடிச்சுகளை எண்ணினர். ஒவ்வொரு முடிச்சும் ஒரே செல்லின் வழித்தோன்றல் என்று பின்னர் உறுதியானபோது, ரத்தக் குருத்தணு அளந்தறியத்தக்க பொருளாயிற்று. நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் அலெக்சாண்டர் மௌரோ, தவளையின் தசையிழையை ஒட்டிப் பதுங்கியிருந்த சாட்டிலைட் செல்லை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டு விவரித்தார். அது தசையின் குருத்தணு என்பது பிறகு தெளிவாயிற்று.

பின்னிரண்டும் குருத்தணுக்களைப் பற்றியவை. ஹேஃப்ளிக் ஆராய்ந்த செல்லோ இணைப்புத் திசுவின் சாதாரணச் செல். ஆயினும் மூப்பைப் பற்றிய பேச்சு முழுவதும் அடுத்த கால் நூற்றாண்டுக்கு அவர் வகுத்த சொற்களிலேயே நடந்தது.

ஹேஃப்ளிக்கின் சோதனை முடிவில் குறை காண இடமில்லை. ஏறத்தாழ 40 முறை இரட்டித்த ஆண் செல்களையும் 10 முறை மட்டுமே இரட்டித்த பெண் செல்களையும் அவர் சம அளவில் ஒரே குடுவையில் கலந்து வளர்த்தார். ஆண் செல்களைத் தனியே வைத்திருந்த குடுவையில் பெருக்கம் நின்ற நாளில் கலவைக் குடுவையைச் சோதித்தபோது அதில் பெண் செல்களே எஞ்சியிருந்தன. ஊட்டக் குறைவோ வைரஸ் தொற்றோ காரணமாக இருந்திருந்தால் ஒரே திரவத்தில் இருந்த இரு வகைச் செல்களும் ஒன்றாகவே நின்றிருக்க வேண்டும். ஆக, எண்ணிக்கை செல்லுக்குள் இருக்கிறது. இதுவரை மறுக்க ஒன்றுமில்லை.

மறுக்க வேண்டியது 1965ஆம் ஆண்டுக் கட்டுரையில் அவர் எடுத்த அடுத்த அடியை. குடுவையில் நேரும் இந்த நிறுத்தம், உடலின் மூப்பு செல் அளவில் வெளிப்படும் வடிவமாக இருக்கலாம் என்று அதில் அவர் வாதிட்டார். அதற்கு முதன்மைச் சான்றாக வைத்தது ஓர் ஒப்பீட்டை: கருவின் நுரையீரல் செல்கள் 35 முதல் 63 முறை இரட்டித்தன, வயது வந்தோரின் செல்கள் 14 முதல் 29 முறை மட்டுமே இரட்டித்தன. கேட்டவுடன் நம்பத் தோன்றும் சான்று இது. ஆனால் வயது வந்தோருக்குள் வயது ஏற ஏற எண்ணிக்கை ஒழுங்காக இறங்கவில்லை என்பதை ஹேஃப்ளிக்கே அக்கட்டுரையில் ஒப்புக்கொண்டார். அப்படியானால் அந்த ஒப்பீடு கருவுக்கும் பிறந்தபின் உள்ள உடலுக்கும் இடையிலான வேறுபாட்டைத்தான் காட்டுகிறது. இருபது வயதுக்கும் எண்பது வயதுக்கும் இடையே நடப்பதைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. மூப்பு என்பது அந்த இடைவெளியில் நிகழ்வது. 1970இல் ஜார்ஜ் மார்ட்டின் குழுவினர் தோல் செல்களில் வயதோடு சிறிய இறக்கம் இருப்பதாகக் காட்டினர். 1998இல் வின்சென்ட் கிறிஸ்டோஃபலோ குழுவினர் உடல்நலமுள்ள கொடையாளர்களை மட்டும் எடுத்துக்கொண்டு சோதித்தபோது அந்த இறக்கமும் காணப்படவில்லை. நோயாளிகளிடமிருந்து எடுத்த செல்கள் முந்தைய கணக்கில் கலந்திருந்தது காரணமாகலாம்.

எண்கணிதமும் இந்த வாசிப்புக்குத் துணைவரவில்லை. ஒரு செல் 50 முறை இரட்டித்தால் 1,000 லட்சம் கோடிக்கு மேற்பட்ட செல்கள் கிடைக்கும். மனித உடலில் இருப்பவை ஏறக்குறைய 30 லட்சம் கோடி. ஒரே ஒரு செல்லின் வழித்தோன்றல்களே முப்பது உடல்களுக்குப் போதும் என்றால், இரட்டிப்பு தீர்ந்துபோவதால்தான் உடல் தளர்கிறது என்பதைத் தனிச் சான்றோடு நிறுவ வேண்டும். ஓய்வின்றிச் செல் உற்பத்தி நடக்கும் இடம் ரத்தம். நாளொன்றுக்குச் சுமார் 20,000 கோடி சிவப்பணுக்கள் உருவாகின்றன. அங்கே உடல் செய்துள்ள ஏற்பாடு வேறு. குருத்தணு அரிதாகவே பிளவுபடுகிறது. அதன் சந்ததிகள் இடைநிலைகளில் பெருகிப் பெருகித் தேவையை ஈடுகட்டுகின்றன. எண்ணிக்கை வரம்பு உண்மையானதாக இருந்தாலும் அது மூலச்செல்லை எளிதில் எட்டிவிடாதபடி அமைந்த ஏற்பாடு இது. எல்லாச் செல்லும் சமமாகப் பிளவுபடும் ஃபைப்ரோபிளாஸ்ட் குடுவையில் இதைக் காண வழியில்லை.

ஹேஃப்ளிக் வாசிப்பின் பெரிய விளைவு அது எதை மறக்கச் செய்தது என்பதில் இருக்கிறது. அதைக் காண பிரெஞ்சு அறுவை மருத்துவர் அலெக்சிஸ் காரெலிடம் திரும்ப வேண்டும். 1912 ஜனவரி 17 அன்று காரெல் கோழிக் கருவின் இதயத் துண்டு ஒன்றை ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் வளர்க்கத் தொடங்கினார். அவருடைய உதவியாளர் ஆல்பர்ட் எபெலிங் அந்தச் செல்வரிசையை 1946 வரை தொடர்ந்து வளர்த்தார். காரெல் 1944இலேயே இறந்துவிட்டார். உடலை விட்டு வெளியேறிய செல்லுக்கு மரணமில்லை என்ற நம்பிக்கை இதிலிருந்து பிறந்தது. ஹேஃப்ளிக்கின் 1961 கட்டுரையை, காரெலின் ஆய்வுகள் வெளிவந்த அதே ‘ஜர்னல் ஆஃப் எக்ஸ்பெரிமென்டல் மெடிசின்’ இதழின் ஆசிரியர் பெய்டன் ரவுஸ் ஏற்க மறுத்ததற்கும் இந்த நம்பிக்கையே அடிப்படை. ஊட்டமாகச் சேர்க்கப்பட்ட கருச்சாற்றின் வழியே புதிய உயிர்ச்செல்கள் குடுவைக்குள் வந்துகொண்டிருந்திருக்கும் என்பது ஹேஃப்ளிக் தரப்பின் விளக்கம். வரலாற்றாய்வாளர் ஜே. ஏ. விட்கோவ்ஸ்கியும் 1980இல் இதை விரிவாக ஆராய்ந்தார். விளக்கம் ஏற்கத்தக்கது. ஆனால் 1912இன் செல்கள் எந்த ஆண்டில் அழிந்து புதியவை அவற்றின் இடத்தைப் பிடித்தன என்பதை இனி நிறுவ இயலாது. செல்களை உறையவைத்து உயிரோடு காக்கும் கிளிசரால் முறை 1949இல்தான் கண்டறியப்பட்டது. எபெலிங்கின் குடுவைகள் அதற்கு மூன்றாண்டு முன்பே கைவிடப்பட்டன.

இந்தச் செல்வரிசையோடு சேர்த்துக் காரெலின் இன்னொரு கட்டுரையும் ஒதுக்கப்பட்டுவிட்டது. 1921இல் அவரும் எபெலிங்கும் வெளியிட்ட ஆய்வு அது. வெவ்வேறு வயதுள்ள கோழிகளின் ரத்த நீர்மத்தில் ஃபைப்ரோபிளாஸ்ட்களை இட்டு, அவை பரவும் பரப்பை அளந்தனர். கோழியின் வயது கூடக் கூட அதன் நீர்மத்தில் செல்களின் வளர்ச்சி குறைந்தது. முதிய ரத்தத்தில் வளர்ச்சியைத் தடுக்கும் ஏதோ கூடுகிறது என்பது அவர்களின் முடிவு. இந்தச் சோதனையின் அமைப்பைக் கூர்ந்து நோக்க வேண்டும். இளைய நீர்மத்திலும் முதிய நீர்மத்திலும் ஒரே வகைச் செல்கள் ஒரே காலத்தில் அருகருகே வளர்க்கப்பட்டன. அந்தச் செல்வரிசை எத்தனை ஆண்டு வாழ்ந்தது, அதில் புதிய செல்கள் கலந்தனவா என்ற சிக்கல் இந்த ஒப்பீட்டைத் தொடுவதே இல்லை. கலப்பு நேர்ந்திருந்தால் இரு பக்கமும் சமமாக நேர்ந்திருக்கும். எனவே சாகாச் செல் என்ற கூற்று வீழ்ந்ததோடு 1921இன் முடிவும் வீழ வேண்டிய தேவை எதுவும் இல்லை. அது தனக்கென்ற சான்றில் நிற்கிறது.

ஆனாலும் வீழ்ந்தது. இனமேம்பாட்டுக் கொள்கையைக் காரெல் வெளிப்படையாக ஆதரித்ததும், போர்க்காலத்தில் பிரான்சின் விஷி அரசின் ஆதரவோடு இயங்கியதும் அவருடைய பெயரைக் கெடுத்திருந்தன, அது நியாயமானதே. சாகாச் செல்லும் பொய்த்தபின் அவர் தாள்களைப் புரட்டக் காரணம் இருக்கவில்லை போலும். இந்தப் புறக்கணிப்பை நேரடியாகக் காட்டும் ஆவணம் அரிது. 1965க்குப் பின் மூப்பு ஆய்வின் கேள்விகள் அமைந்த விதத்திலிருந்தே அதை ஊகிக்க வேண்டியிருக்கிறது. செல்லுக்குள் எண்ணுவது எது என்ற தேடல், ஒவ்வொரு பிளவிலும் குறுகும் குரோமோசோம் நுனியான டெலோமியரை நோக்கிச் சென்று, 1990இல் ஹார்லி, ஃபுட்சர், கிரெய்டர் மூவரின் கட்டுரையிலும், அந்நுனியை நீட்டும் டெலோமெரேஸ் நொதியை ஏற்றி மனிதச் செல்லின் வரம்பை நீக்கிய 1998 சோதனையிலும் பெரும் வெற்றி கண்டது. சுற்றியுள்ள குருதி என்ன செய்கிறது என்ற கேள்வி ஓரமாகவே கிடந்தது.

அந்த ஓரத்தில்தான் குருத்தணு ஆய்வு வளர்ந்தது. 1964இல் சிமினோவிச், டில், மெக்குல்லக் மூவரும் மஜ்ஜையை ஓர் எலியிலிருந்து இன்னொன்றுக்கு அடுத்தடுத்து மாற்றியபோது அதன் ஆற்றல் குன்றியது. இது ஹேஃப்ளிக்குக்குச் சாதகமாகத் தெரிந்தது. அமெரிக்காவின் பார் ஹார்பரில் உள்ள ஜாக்சன் ஆய்வகத்தில் டேவிட் ஹாரிசன் வேறு வழியில் சோதித்தார். பிறவியிலேயே குருத்தணுக் குறையால் ரத்தசோகை கொண்ட எலிகளுக்கு மஜ்ஜையை ஏற்றினால், கதிர்வீச்சு இல்லாமலே ஏற்றிய மஜ்ஜை வேரூன்றிச் சோகையைத் தீர்க்கும். அவ்வாறு தொடர்ந்து மாற்றிய மஜ்ஜை வரிசைகள் 73 மாதங்கள்வரை இயல்பாகச் சிவப்பணுக்களை உற்பத்தி செய்ததை 1973இல் அவர் வெளியிட்டார். ஓர் எலியின் ஆயுள் பொதுவாக இரண்டு முதல் மூன்று ஆண்டுகள். ஏற்றும் செயலே குருத்தணுவைச் சேதப்படுத்துகிறது, ஒருமுறை ஏற்றுவதன் பாதிப்பு வாழ்நாள் முழுதும் உழைத்ததன் பாதிப்பைவிடப் பெரிது என்று 1982இல் அவரும் ஆஸ்டிலும் காட்டியபோது 1964இன் முடிவுக்கும் வேறு விளக்கம் கிடைத்தது.

ஹாரிசனின் அளவுகோலுக்கு ஓர் எல்லை உண்டு. அவர் அளந்தது சிவப்பணு. முதிய குருத்தணுக்கள் எண்ணிக்கையில் கூடுகின்றன, ஆனால் நிணநீர்ச் செல்களைக் குறைவாகவே தருகின்றன என்று 1996க்குப் பின் வந்த ஆய்வுகள் காட்டின. சோகையை மட்டும் பார்ப்பவருக்கு இந்தக் குறை புலப்படாது. நோய் எதிர்ப்பு குன்றுவது முதுமையின் மையச் சிக்கல்களில் ஒன்று என்பதால் இது சிறிய விடுபடல் அன்று.

தசையில் சூழலின் பங்கு மேலும் தெளிவாகத் தெரிந்தது. 1989இல் கார்ல்சனும் ஃபாக்னரும் இளைய எலியின் தசையை முதிய எலிக்கும், முதியதன் தசையை இளையதற்கும் மாற்றினர். மீட்சியைத் தீர்மானித்தது ஏற்ற உடலின் வயதே. கொடுத்த உடலின் வயது அன்று. 2005இல் ஸ்டான்ஃபோர்டில் தாமஸ் ராண்டோவின் ஆய்வகத்தில் இளைய, முதிய எலிகளை உடலோடு உடல் தைத்துக் குருதியோட்டத்தைப் பொதுவாக்கியபோது முதிய எலியின் சாட்டிலைட் செல்கள் காயத்தை ஆற்றும் திறனை மீண்டும் பெற்றன. காரெல், எபெலிங் கண்டதற்கு 84 ஆண்டுகளுக்குப் பின் அதே கேள்வி உயிருள்ள உடலில் திரும்பி வந்தது. இளைய குருதியில் உள்ள ஏதோ உதவியதா, முதிய குருதியில் உள்ள தடை நீர்த்துப்போனதா என்பது இன்னும் முடிவாகவில்லை. காரெலின் சார்பு இரண்டாவதன் பக்கம்.

ஹேஃப்ளிக்கின் எண்ணிக்கையே சூழலுக்கு இளகியது என்பதும் இதோடு சேர வேண்டும். 2003இல் ஜூடித் காம்பிசியின் குழுவினர், எலியின் ஃபைப்ரோபிளாஸ்ட்கள் காற்றில் உள்ள 20 விழுக்காடு ஆக்சிஜனில் நின்றுபோகின்றன, திசுக்களுக்கு நெருக்கமான 3 விழுக்காட்டில் நிற்காமல் வளர்கின்றன என்று கண்டனர். எலிக்கு நீண்ட டெலோமியர்கள் உண்டு. அதன் நிறுத்தம் குடுவையின் காற்றினால் நேர்ந்தது. மனிதச் செல்களுக்கு இது அப்படியே பொருந்தாது. அவற்றில் டெலோமியர் வரம்பு மெய்யானது. டெலோமெரேஸ் பழுதுள்ள டிஸ்கெரடோசிஸ் கன்ஜெனிட்டா நோயாளிகளுக்கு இளம் வயதிலேயே மஜ்ஜை செயலிழப்பதே அதற்கு வலுவான சான்று. நெதர்லாந்தில் 115 வயதில் இறந்த ஒரு பெண்மணியின் குருதியை ஆராய்ந்து 2014இல் வெளியான முடிவும் இந்தப் பக்கமே சாய்கிறது: அவருடைய வெள்ளணுக்களில் பெரும்பகுதி இரண்டே குருத்தணுக்களிலிருந்து வந்திருந்தது, அவற்றின் டெலோமியர்கள் மூளையில் உள்ளவற்றைவிட 17 மடங்கு குட்டையாக இருந்தன. குருத்தணுக்களின் இருப்பு தீரக்கூடும் என்பதற்கு இது சான்று. ஆனால் அது 115ஆம் வயதின் சான்று. அறுபதிலும் எழுபதிலும் தசை இளைப்பதையும் காயம் ஆறத் தாமதிப்பதையும் இதைக்கொண்டு விளக்கிவிட முடியாது.

2006இல் ஷின்யா யமனாகா நான்கு மரபணுக்களைக் கொண்டு எலியின் சாதாரணச் செல்லைக் குருத்தணு நிலைக்குத் திருப்பியதும், 2011இல் மோன்பெல்லியேவில் ஜான்-மார்க் லெமெத்ரின் குழுவினர் நூறு வயதைத் தொட்டவர்களின் செல்களையும் அவ்வாறு திருப்பியதும் செல்லின் மூப்பு மீளக்கூடியது என்பதை நிறுவின. ஹேஃப்ளிக் வாசிப்புக்கு இது ஆதரவு என்றும் எதிர்ப்பு என்றும் இருவகையாகச் சொல்லப்படுகிறது. 2016இல் சால்க் நிறுவனத்தின் இஸ்பிசுவா பெல்மோன்டே குழுவினர், விரைமூப்பு நோயுள்ள எலிகளில் அதே நான்கு மரபணுக்களை வாரத்தில் இரண்டு நாள் மட்டும் தூண்டி அவற்றின் ஆயுளை நீட்டினர். இடைவிடாமல் தூண்டினால் கட்டிகள் உருவாகும் என்பது முன்பே தெரிந்திருந்தது. ஆனால் அச்சோதனையில் மரபணுக்கள் உடல் முழுதும் தூண்டப்பட்டதால், குருத்தணுவும் அதைச் சுற்றியுள்ள திசுவும் குருதியும் ஒருசேர மாறின. செல் இளமையுற்றதா, சூழல் இளமையுற்றதா என்று அதிலிருந்து பிரித்தறிய இயலாது. குருத்தணுவில் மட்டும் தூண்டிய எலியையும், குருத்தணுவைத் தவிர்த்துத் தூண்டிய எலியையும் அருகருகே வைத்து ஒப்பிடும் சோதனையே இதைத் தீர்க்கும். 1921இல் கோழி நீர்மத்தில் நடந்ததும் அத்தகைய அருகருகு ஒப்பீடுதான். மனிதரில் நிலைபெற்ற குருத்தணு மருத்துவம் இன்றும் பெரும்பாலும் ரத்தப் புற்றுநோய், பிறவி ரத்தக்கோளாறு முதலியவற்றுக்கான மஜ்ஜை மாற்றாகவே இருக்கிறது. உடல்நலமுள்ள முதியவரின் ஆயுளைக் குருத்தணு ஏற்றி நீட்டியதாக நிறுவப்பட்ட சான்று ஏதுமில்லை. குருத்தணுவை ஏற்றுவதா, அது தங்கும் சூழலைத் திருத்துவதா என்பதில் ஆய்வுகள் இரு திசையிலும் தொடர்கின்றன.