நாய்க்கு இட்ட சோறும் விசுக்கோத்தும்

சில ஆண்டுகளுக்கு முன்னர் லண்டனில் வசிக்கும் என் மருமகளின் வீட்டில் சில நாட்கள் தங்கியிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, அடுப்பில் மாட்டிறைச்சி அவிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் துருவிய கரட்டும் மசித்த பூசணியும் இருந்தன. மதியச் சமையலாக்கும் என்று எண்ணினேன். "இது எங்களுக்கில்லை மாமா, நாய்க்கு" என்றாள். கடைகளில் வகைவகையாக விற்கிறார்களே என்று கேட்டேன். "அதுக்குள்ள என்ன கிடக்கெண்டு ஆருக்குத் தெரியும்?" என்று திருப்பிக் கேட்டாள்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டு நாய்க்கு என்று எவரும் தனியாகச் சமைத்ததில்லை. எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பின், மிஞ்சிய சோற்றையும் மீன் தலையையும் பிசைந்து அம்மா பின்வளவில் பழைய சட்டியொன்றில் வைப்பார். அதற்குள் என்ன இருந்தது என்பது அம்மாவுக்கும் தெரியும், நாய்க்கும் தெரியும். அந்த அறிவு எப்போது எம் கையைவிட்டுப் போனது என்ற கேள்வி என்னைப் பழைய வரலாற்றுக்குள் இழுத்துச் சென்றது.

நாய்க்கு என்ன கொடுப்பது என்பது பழைய கேள்விதான். கி.மு. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானிய அறிஞர் வாரோ, காவல் நாய்களுக்குப் பாலில் ஊறவைத்த வாற்கோதுமை ரொட்டியைப் பரிந்துரைத்தார். அடுத்த நூற்றாண்டில் கொலுமெல்லா, வாற்கோதுமை மாவை மோர்த்தெளிவுடன் கலந்து கொடுக்கலாம் என்று எழுதினார். நாய் வெறும் இறைச்சியுண்ணி அல்ல என்பதை அவர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தார்கள். மாப்பொருளைச் செரிக்கச் செய்யும் மரபணுவின் பிரதிகள் ஓநாயைவிட நாயிடம் மிக அதிகம் என்று 2013இல் 'நேச்சர்' சஞ்சிகையில் வெளியான ஆய்வு காட்டியது. மனிதனின் அடுப்படியருகே வாழ்ந்து வாழ்ந்து நாயின் குடலே மாறிவிட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு லண்டனில் குதிரை இறைச்சியைக் குச்சிகளில் குத்தித் தெருத்தெருவாக விற்றவர்கள் இருந்தார்கள். பூனைகளுக்கும் நாய்களுக்குமான வியாபாரம் அது. எங்கள் தொழிலின் முன்னோடிகளுள் ஒருவரான ஹென்றி மேஹியூ, லண்டன் ஏழைகளைப் பற்றி 1851இல் வெளியிட்ட நூலில் அவர்களுடைய வாழ்வையும் வருமானத்தையும் பதிவு செய்திருக்கிறார். அந்த இறைச்சி எங்கிருந்து வந்தது என்பதில் இரகசியம் இல்லை. உழைத்துத் தளர்ந்த குதிரைகள் வெட்டப்படும் கொட்டில்களிலிருந்து வந்தது.

அந்த நகரத்துக்குத்தான் ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்ற அமெரிக்கர் வந்து சேர்ந்தார். இடிதாங்கி விற்க வந்தவர் அவர். துறைமுகத்தில் கப்பற்காரர் எறிந்த காய்ந்த விசுக்கோத்துகளை நாய்கள் பாய்ந்து தின்பதைக் கண்டு அவருக்கு யோசனை பிறந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். எவ்வாறாயினும், 1860களின் தொடக்கத்தில் கோதுமை மா, பீற்றூட், மரக்கறி, உலர்ந்த இறைச்சி ஆகியவற்றைச் சேர்த்து வார்த்த நாய் விசுக்கோத்தை அவர் சந்தைக்குக் கொண்டுவந்தார். வேட்டை நாய் வளர்த்த நாட்டுப்புறக் கனவான்களே முதல் வாடிக்கையாளர்கள். இறைச்சி அமெரிக்கப் புல்வெளி மாடுகளினது என்றது விளம்பரம். வாங்கியவர்கள் அந்த வார்த்தையை நம்பினார்கள். வேறு வழி அவர்களுக்கு இருக்கவில்லை.

அந்த நிறுவனத்தில் இளவயதில் வேலைக்குச் சேர்ந்த சார்ள்ஸ் கிறஃப்ட் என்பவர்தான் 1891இல் லண்டன் இஸ்லிங்டனில் தன் பெயரில் நாய்க் கண்காட்சியைத் தொடங்கினார். இன்று உலகப் புகழ் பெற்ற கண்காட்சி அது. கிழக்கு லண்டன் பொப்ளரில், கால்வாய்க் கரையில் நின்ற ஸ்ப்ராட் தொழிற்சாலைக் கட்டடம் இப்போது குடியிருப்புத் தொகுதியாகிவிட்டது.

பின்னர் வியாபாரம் அமெரிக்காவில் பெருகியது. 1908இல் நியூயோர்க்கில் எலும்பு வடிவ விசுக்கோத்து வந்தது. 1922இல் தகரப்பேணியில் அடைத்த குதிரை இறைச்சி வந்தது. இரண்டாம் உலகப் போரில் தகரம் கட்டுப்பாட்டுக்குள் வந்தபோது உலர் உணவு மீண்டும் மேலோங்கியது. 1957இல், மாவை அழுத்தத்தில் வேகவைத்துப் பொரி போல் உப்பச் செய்யும் முறையில் தயாரான உணவு கடைகளுக்கு வந்தது. 1960களில் உற்பத்தியாளர்களின் அமைப்பு, வீட்டு மிச்சத்தை நாய்க்குக் கொடுக்காதீர்கள் என்று பிரசாரமே செய்தது. அம்மாவின் சட்டி தவறானதாகவும், அச்சிட்ட பொதி சரியானதாகவும் மாறியது இப்படித்தான்.

2007 மார்ச்சில் அந்த நம்பிக்கை உடைந்தது. வட அமெரிக்காவில் நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் செயலிழந்து இறந்தன. ஆறு கோடிக்கும் அதிகமான பேணிகளும் பொதிகளும் திரும்பப் பெறப்பட்டன. சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில் மெலமைன் கலக்கப்பட்டிருந்தது. பரிசோதனைகள் புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. நைதரசனை அளந்தே கணக்கிடும். நைதரசன் நிறைந்த மெலமைனைச் சேர்த்தால், இல்லாத புரதம் இருப்பதாகக் காட்டும்.

பலர் இதை வளர்ப்புப் பிராணிகளின் செய்தியாகவே வாசித்தார்கள். மறு ஆண்டு, 2008இல், அதே மெலமைன் சீனாவில் குழந்தைகளின் பால்மாவில் இருந்தது தெரியவந்தது. ஏறத்தாழ மூன்று இலட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டனர். ஆறு குழந்தைகள் இறந்தனர். எச்சரிக்கை ஓராண்டுக்கு முன்னரே வந்திருந்தது. அது நாய்களின் வாயால் வந்தமையால், கேட்கவேண்டியவர்களின் காதில் ஏறவில்லை. செய்திமேசையில் ஆண்டுக்கணக்கில் இருந்தவன் என்ற முறையில் இதை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை. எந்தச் செய்தியை எந்தப் பக்கத்தில் போடுவது என்று தீர்மானிப்பவர்கள் நாங்கள்தானே.

ஆயினும் வீட்டுச் சமையல் எல்லாவற்றுக்கும் மருந்தல்ல. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் நாய்களுக்கான இருநூறு வீட்டுச் சமையல் குறிப்புகளை ஆராய்ந்து 2013இல் முடிவை வெளியிட்டார்கள். அவற்றில் 95 வீதமானவற்றில் அத்தியாவசியச் சத்து ஒன்றேனும் குறைவாக இருந்தது. எனவே நாளாந்த முழு உணவை மிருக வைத்தியரின் ஆலோசனையின்றி நாமாக வகுப்பது சரியல்ல. தின்பண்டம் வேறு. நாளுக்குரிய சக்தியில் பத்தில் ஒரு பங்கை மிஞ்சாதவரை அது தீங்கு செய்யாது.

மருமகளின் முறை எளிது. கொழுப்பு நீக்கிய இறைச்சியை உப்பின்றி அவித்து அரைக்கிறாள். கரட், பூசணி, ஒரு முட்டை, அரிசிமா சேர்த்துப் பிசைந்து, மெல்லியதாகத் தட்டி, சிறு துண்டுகளாக வெட்டி, 175 பாகை வெப்பத்தில் அரைமணி நேரம் அளவில் வாட்டுகிறாள். சில நாட்களுக்கு உரியதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, மிச்சத்தை உறையவைக்கிறாள். வெங்காயம், உள்ளி, திராட்சை, உலர்திராட்சை, சொக்கலேற், சைலிட்டோல் என்ற இனிப்பு ஆகியவை நாய்க்கு நஞ்சு. அவித்த எலும்பு உடைந்து குடலைக் குத்தும்.

வெங்காயக் குழம்பு ஊற்றிய சோற்றை எங்கள் நாய்க்கு எத்தனை நாள் வைத்திருப்போம் என்று அப்போது எண்ணிப் பார்த்தேன். அம்மா அறிந்திருந்தால் வைத்திருக்கமாட்டார். மருமகளிடம் இதைச் சொன்னேன். அவள் தட்டிலிருந்து ஆறிய துண்டொன்றை எடுத்து என்னிடம் தந்தாள். நாய் அதற்குள் வந்து என் காலடியில் உட்கார்ந்திருந்தது.